ஏ.சி. அறையில் ஆப்பிள் பை

டீச்சரிடம் எதைப் பாராட்டினாலும் அது அவர் கையில் ஒரு நிமிஷம்கூடத் தங்காது. புடவை நன்றாக இருக்கிறது என்றால், "தங்கச்சி எடுத்துக் குடுத்ததுங்க" என்பார். வகுப்பில் எல்லோரும் பாஸாமே என்றால், "இந்த வருசம் வந்த பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க" என்பார். ஒருமுறை லிஃப்டில் கீழ்வீட்டு மாமி, இந்த வயதிலும் உங்களுக்கு முடி இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். "ஸ்ரீரங்கத்துத் தண்ணிங்க" என்று சொல்லி, டீச்சர் அதைக் காவிரிக்குக் கொடுத்துவிட்டார். மாமி பிறந்ததிலிருந்து அதே தண்ணீரில்தான் குளிக்கிறார். கொண்டை போட ஊசிக்கே இடம் போதாது.

இப்படிப்பட்ட ஒரு பெண்மணியைப் பார்த்துப் பொறாமைப்படுவது சிரமம் என்று நீங்கள் நினைக்கலாம். சிரமம்தான். நான் விடாமல் உழைத்து அதைச் சாதித்தேன்.

அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்ககத்தில் டீச்சர் மூன்றாவது மாடி, நாங்கள் இரண்டாவது. பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேலப்புதூர்ப் பக்கம் ஒரு கான்வென்டில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்க, வீடு எதற்கு இந்தப் பக்கம் என்று கேட்டேன். "பாலத்துல பஸ் ஏறுனதும் ஒரு காத்து வரும் சார். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுக்குத்தான்" என்றார். சாவிக்கொத்தை எப்போதும் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். மாடிப்படியில் சத்தம் வந்தால் யாருடைய தூக்கமாவது கெடுமாம்.

நான் கன்டோன்மென்டில் ஓர் இன்சூரன்ஸ் கிளைக்கு மேனேஜர். கிளையில் எனக்கு ஹாஸ்யப் பேர்வழி என்று பெயர். வாயைத் திறந்தால் மொத்த ஆபீஸும் சிரிக்கும். மொத்த ஆபீஸின் லீவு லெட்டரிலும் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. வீட்டில் அந்த அதிகாரம் இல்லை. என் மனைவி வேதா சிரிக்கத் தெரியாதவள் அல்ல. எதிர் பால்கனியில் ஒரு குரங்கு நைட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு மறுநாள் வரை சிரித்தாள். நான் ஏதாவது சொன்னால் மட்டும் கரண்டியைக் கீழே வைத்து, மரியாதையாக முழுவதும் கேட்டுவிட்டு, "அப்பறம்?" என்பாள்.

உதாரணத்துக்கு ஒன்று. எங்கள் கிளைக்குத் தொட்டியத்திலிருந்து ஒரு வாழைத்தோப்புக்காரர் வந்தார். பாலிசித் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், நான் செத்துப்போனா எனக்கு எவ்வளவு வரும்?" என்றார். "உங்களுக்கு மாலைதான் வரும். பணம் சம்சாரத்துக்கு" என்றேன். ஆபீஸில் டைப்ரைட்டர் காலத்துப் பியூன் முதல் ஏ.டி.எம். காலத்துக் கிளார்க் வரை சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து வேதாவிடம் சொன்னேன்.

"அப்பறம்?" என்றாள்.

"அப்பறம் என்ன? அவர் போயிட்டார்."

"பாவம், சாப்பிட்டாரோ என்னவோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நகைச்சுவையைப் பற்றிய புத்தகங்கள் என்னிடம் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. ஏன் சிரிக்கிறோம், எப்போது சிரிக்கிறோம் என்று அறிஞர்கள் வரிந்துகட்டி எழுதியிருக்கிறார்கள். "அப்பறம்?" என்று கேட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் எழுதவில்லை.

என்னிடம் இன்னொரு சொத்தும் இருந்தது, டீ மசாலாப் பொடி. ஏலக்காய், பட்டை, கிராம்பு, சுக்கு, கொஞ்சம் மிளகு, சுரண்டிய ஜாதிக்காய். இளம் வறுப்பாக வறுத்து நானே அரைப்பேன். ஒரு நாள் டீச்சர் எங்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அந்த டீயைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சார், இது ஆப்பிளோட போகும்" என்றார்.

டீக்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கேட்கிறார் என்று நினைத்து, உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அவர் கேட்டது ஆப்பிள் இல்லை, பொடி. ஒரு சின்ன டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார். என் கெட்டகாலம் அந்த டப்பாவில் தொடங்கியது.

ஆப்பிள் பை என்பது, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மைதாவும் வெண்ணெயும் சேர்த்த மேலோட்டுக்குள் ஆப்பிள் பூரணத்தை வைத்துச் சுடுகிற ஒரு பட்சணம். நம் ஊர் சோமாசிக்கு வெளிநாட்டில் ஒரு வசதியான ஒன்றுவிட்ட அண்ணன் இருந்தால் இப்படித்தான் இருப்பான். இதில் வெண்ணெய்தான் விவகாரம். அது சில்லென்று இருக்கும்போதே பட்டாணி பட்டாணியாக நறுக்கி மாவில் உதிர்க்க வேண்டும். உருகவும் கூடாது, கலந்துவிடவும் கூடாது. அடுப்புக்குள் போன பிறகுதான் உருகலாம். அப்போதுதான் ஓடு ஏடு ஏடாகப் பிரியும். திருச்சியில் இரண்டு பருவங்கள்தான் உண்டு: வெயில், வரப்போகிற வெயில். டீச்சர் வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து மேடைக்குக் கொண்டுவருவதற்குள் அது நெய்யாகிற வழியில் பாதி தூரம் போயிருக்கும். அவர் வீட்டில் ஏ.சி. கிடையாது. "எனக்கு ஒத்துக்காது சார். ஆனா வெண்ணெய்க்கு ஒத்துக்கும்" என்றார்.

"எங்காத்து பெட்ரூம்ல இருக்கே, வாங்கோ டீச்சர்" என்றாள் வேதா.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் படுக்கையறை எனக்கு இல்லை என்று ஆயிற்று. சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் பலகை ஒன்று பால்கனியில் கிடந்தது. அதைக் கழுவிக் கட்டிலருகே மடக்கு மேஜையில் கிடத்தி, சாப்பாடு முடிந்ததுமே ஏ.சி.யைப் போட்டுவிடுவார்கள், பலகை குளிர வேண்டுமாம். நான் தூங்கும்போது இருபத்தாறுக்குக் கீழே போனால் மின்சாரக் கட்டணம் பற்றி ஒரு முழு உபன்யாசம் நடக்கும். மைதாவுக்குப் பதினெட்டு.

"ஏன்னா, கதவைச் சாத்திண்டு வெளியில இருங்கோ. குளிர் போயிடறது" என்றாள் வேதா. நான் ஹால் சோபாவில், அனல் காற்றைச் சுற்றிச் சுற்றி விநியோகிக்கும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் டி.வி. என்றுதான் நினைத்தேன். எங்கள் படுக்கையறையில் டி.வி. கிடையாது. வேதா சிரிக்கிறாள். சும்மா இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஐயோ போறும் டீச்சர், போறும்" என்று கெஞ்சிக்கொண்டு சிரிக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் வாங்க முயன்று கிடைக்காத சரக்கு, என் வீட்டிலேயே, மூடிய கதவுக்குப் பின்னால், கிலோக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் வெளியே வந்தபோது, "என்ன அவ்வளவு சிரிப்பு?" என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்றாள் வேதா.

"வேதாவுக்கு நல்ல சிரிப்பு சார். சின்னதா ஏதாவது சொன்னாலே வந்துருது" என்றார் டீச்சர். பாருங்கள், அந்தச் சிரிப்பையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய ஓவனும் எங்கள் சாப்பாட்டு மேஜைக்குக் குடிவந்துவிட்டது. பூரணத்துக்கு எலுமிச்சம்பழச் சாறு, நாட்டுச் சர்க்கரை, என் பொடி. எங்கள் வீட்டில், சமைத்ததைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாமல் வாயில் வைக்கிற வழக்கம் இல்லை. உப்பு, புளி எல்லாவற்றையும் வேதா வாசனையிலேயே கண்டுபிடிப்பாள். முதல் வாரமே டீச்சர் இதைப் பார்த்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே அவரும் எங்கள் வீட்டில் எதையும் ருசி பார்ப்பதை விட்டுவிட்டார்.

"ஆப்பிள் புளிப்பா இனிப்பான்னே தெரியாம எப்படி டீச்சர் சர்க்கரை போடறீங்க?" என்று கேட்டேன்.

"வேதா மோந்து பாத்துச் சொல்லிடுவா சார். மிச்சத்துக்கு உங்க பொடி இருக்கு."

இந்தச் சீமைப் பட்சணத்தைப் பெருமாளுக்குக் காட்டலாமா என்று வேதா ஒரு வாரம் யோசித்தாள். "வெண்ணெய் இருக்கு, பழம் இருக்கு, ஏலக்காய் இருக்கு. முட்டை கிடையாது. இதுல அவருக்கு ஆகாதது என்ன?" என்று முடிவுசெய்து முதல் துண்டைக் கொண்டுபோய் வைத்தாள். எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், இந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடவும்.

எப்படி இருந்தது என்று சொல்லாமல் விட்டால் பொறாமையில் மறைக்கிறேன் என்பீர்கள். கயிற்றுக் கட்டில் பின்னியது போல மேலே குறுக்கும் நெடுக்குமாக மாவுப் பட்டைகள். இடுக்குகளில் ஆப்பிள் சாறு பாகாகிப் பழுப்பாகக் கொப்புளித்து நின்றிருந்தது. கடித்தால் ஓடு சத்தமில்லாமல் நொறுங்கும், ஆப்பிள் கரையும், பிறகு ஏலக்காய், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது தொண்டையில் சுக்கும் மிளகும் மெதுவாக விளக்கேற்றும். அந்தப் பொடியை அத்தனை வருஷமாக நான் வெறும் வெந்நீரிலும் பாலிலும் போட்டு வீணடித்திருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது. அதுதான் தாங்கவில்லை.

"நன்னாருக்கு டீச்சர்" என்றாள் வேதா. எதற்கும் "பரவால்ல" என்பதற்கு மேல் போகாதவள்.

"பொடி சாரோடது. அதுதான் எல்லாம்" என்றார் டீச்சர்.

அடுக்ககம் முழுவதும் துண்டுகள் போயின. ஒவ்வொரு கதவிலும் டீச்சர் அதையே சொன்னார். கீழ்வீட்டு மாமி என்னைப் படியில் நிறுத்தி, "என்ன பெருந்தன்மை பாருங்கோ அந்த டீச்சருக்கு! தான் பண்ணினதைப் போய் உங்க பேர்ல சொல்லிண்டு வரா" என்றார். என் பெயர் அடிபட்ட ஒவ்வொரு வீட்டிலும் டீச்சரின் புகழ் ஒரு படி ஏறியது. ஒருவர் நம்மை இதைவிட முழுமையாக அழிக்க முடியாது. அதிலும் அவர் மனசாரச் சொல்கிறார் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

வாரா வாரம் பொடி டப்பாவைக் கொடுக்கும்போது மாடிப்படியில் டீச்சரிடம் ஒன்றிரண்டு ஆபீஸ் கதைகள் சொல்லிப் பார்ப்பேன். தொட்டியத்துக்காரரின் மாலைக் கதையையும் சொன்னேன். கைக்குட்டையில் சுற்றிய சாவியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சர்ச்சில் பிரசங்கம் கேட்பது போலக் கேட்பார். "அப்படிங்களா சார்?" என்பார். அவ்வளவுதான். வீட்டில் ஒரு "அப்பறம்?", படியில் ஓர் "அப்படிங்களா?" இரண்டுக்கும் நடுவில் என் நகைச்சுவை நடமாடிக்கொண்டிருந்தது.

ஒரு செப்டம்பரில் டீச்சர் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனார். வேதா மத்தியானமே கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பொடி என்னுடையது, ஏ.சி. என்னுடையது, பலகை என்னுடையது. மாவைத் தவிர டீச்சரிடம் அப்படி என்ன இருக்கிறது என்று நானே இறங்கினேன்.

மாவு என்றால் நமக்குத் தெரியாதா? சப்பாத்திக்குப் பிசைவது போல உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, அடித்து, வழவழவென்று ஒரு பந்தாக்கி, ஈரத்துணி போட்டு மூடி ஊறவைத்தேன். பூரணத்தை அடுப்பில் ஏற்றி, கையெடுக்காமல் கிளறி, ஓரத்தில் நெய் பிரிந்து சுருண்டு வரும்வரை விடவில்லை. எந்தக் கல்யாணச் சமையல்காரரும் என்னைக் கட்டிக்கொண்டிருப்பார். மேலே பட்டைகளையும் பின்னி ஓவனுக்குள் தள்ளினேன். வாசனை ஊரைத் தூக்கியது.

வேதா வந்தாள். பெருமாளுக்குக் காட்டத் துண்டு போடலாம் என்று கத்தியை வைத்தேன். கத்தி வளைந்தது. அரிவாள்மனையைக் கொண்டுவந்தேன். பை அரிவாள்மனையில் ஏறி உட்கார்ந்ததே தவிர இறங்கவில்லை. இந்தச் சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று, "இதுக்கு நானே ஒரு பாலிசி போட்டுடறேன். நம்மளுக்கப்பறமும் இருக்கும்" என்றேன். நல்ல ஜோக். இப்போதும் சொல்கிறேன்.

"கையை வெட்டிண்டுடாதீங்கோ" என்று சொல்லிவிட்டு வேதா புடவை மாற்றப் போனாள்.

டீச்சர் ஊரிலிருந்து வந்ததும் இதையும் படியில் சொன்னேன், ஒன்று விடாமல். "அப்படிங்களா சார்?" என்றார். இரண்டு படி ஏறியவர் திரும்பி, "பிசையக் கூடாது சார். தொட்டுட்டு விட்டுடணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு மூடிய கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு அதுவரை கேட்காத ரகம். வேதா கட்டிலைத் தட்டுகிறாள். என் மூக்குக்கண்ணாடி உள்ளே இருந்தது. இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். கதவைத் திறந்தேன்.

டீச்சர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மாவுக் கையோடு ஈரத்துணி மூடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"…சார் சுத்திமுத்திப் பாக்குறாரு. சத்தம் போடாதீங்க, மாவு தூங்குதுன்னு நெனச்சாரோ என்னமோ, ஃபேனைக்கூடக் கொறச்சு வைக்கிறாரு. அது தூங்கல வேதா. அது உள்ள கல்லாயிக்கிட்டிருக்கு…"

வேதாவுக்குக் கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்தாள், நிறுத்த முடியவில்லை. டீச்சர் திரும்பினார். துளியும் சங்கடப்படவில்லை.

"வாங்க சார், உங்க கதைதான் ஓடுது. எல்லாம் சார் படியில சொன்னதுதான் வேதா, நான் ஒண்ணும் சேக்கல. அன்னிக்கு மாலை கதை சொன்னேன்ல? அதுவும் சாரோடதுதான்."

"அதை எங்கிட்டயும் சொன்னார்" என்றாள் வேதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்போ சிரிப்பு வரல."

இத்தனை ஞாயிறுகளும் அந்தக் குளிரில் விற்பனையானது என் சரக்குதான் என்று எனக்குப் புரிந்தது. கடை மட்டும் வேறு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இரு, அந்த அரிவாள்மனை எடத்தை நான் சொல்றேன்" என்றேன். சொன்னேன். கையை ஆட்டினேன், குரலை மாற்றினேன், நடுவில் நானே கொஞ்சம் சிரித்துக்கூடக் காட்டினேன்.

வேதா மரியாதையாக முழுவதும் கேட்டாள்.

"அப்பறம்?" என்றாள் வேதா. பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கோ டீச்சர்."

டீச்சர் மாவை உதிர்த்துக்கொண்டே, தலை நிமிராமல் மூன்றே வார்த்தை சொன்னார். "அருவாமனைதான் சார் பயந்துருச்சு." வேதா கட்டிலில் சாய்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அன்றைய பெரிய அவமானம்.

"வெண்ணெய் உருகறது. கதவைச் சாத்திண்டு போங்கோ" என்றாள்.

டீச்சர் ரிடையர் ஆனதும் குன்னூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். பிரிவுபசாரத்தில் மைக்கைப் பிடித்து, இங்கே தனக்கு நடந்த நல்லதுக்கெல்லாம் காரணமென்று வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் நன்றி சொல்லித் தீர்த்தார். குன்னூரில் வெண்ணெயை ஹாலிலேயே நறுக்கலாம். படுக்கையறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஞாயிறு மத்தியானம் இருபத்தாறில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. வீடு அவ்வளவு நிசப்தம். வேதா அடுக்களையில் எதையோ துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டில், ஆபீஸில் நடந்த ஒன்று வாய்வரை வந்தது. "அப்பறம்?" ஞாபகம் வந்து பயத்தில் அதை விழுங்கப் போனேன். எப்படியோ, "டீச்சர் ஒரு தடவை சொன்னா…" என்று ஆரம்பித்துவிட்டேன். சொன்னேன். தலை நிமிராமல், தொட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

வேதா ரசக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"டீச்சர் டீச்சர்தான்" என்றாள்.

அதிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு. எல்லாம் என்னுடையவை, எல்லாம் டீச்சர் கணக்கில். ஊரில் இல்லாத பெண்மணியின் புகழ் என் சாப்பாட்டு மேஜையில் வளர்ந்துகொண்டே போனது, என் செலவில். சிரிக்கும்போது வேதா என்னைப் பார்ப்பதில்லை. குன்னூர்த் திசையைப் பார்க்கிறாள். முன்பு கதவுக்கு வெளியே உட்கார்ந்து பொறாமைப்பட்டேன். இப்போது நேருக்கு நேர் உட்கார்ந்து பொறாமைப்பட்டேன்.

போன மாதம் வேதா டீச்சரைப் போனில் கூப்பிட்டு, நான் சொன்ன ஒன்றை அவரிடமே சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் நான் ரசஞ்சாதத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் டீச்சர் உள்ளதை உள்ளபடி சொன்னார்: "ஐயோ வேதா, நான் அதைச் சொன்னதே இல்ல. அது சாரோடதுதான்."

வேதா போனை வைத்தாள். "மாறவே இல்ல பாத்தேளா? எதையும் தன்னோடதுன்னு ஒத்துக்கவே மாட்டா."

பிறகு என் தட்டில் சாதம் போட வந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள்.

"ஆனா எங்கிட்ட இதெல்லாம் சொல்லவே இல்லையே. வாரா வாரம் எங்கூடத்தான் அத்தனை நாழி இருந்தா. உங்ககிட்ட மட்டும் எப்போ சொன்னா?"

"படியில" என்றேன்.

"படியில நின்னுண்டு அவ்வளவு என்ன பேச்சு?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். பல ஞாயிறுகள் சோபாவில் உட்கார்ந்து நான் பேசிப் பழகிய குரல் அது. இவ்வளவு வருஷத்தில் வேதா அதை என்னிடம் பேசியதில்லை. உண்மையைச் சொல்லிவிட இதுதான் சமயம் என்று தெரிந்தது. மோர் ஊற்றிக்கொண்டேன். நிதானமாகப் பிசைந்தேன்.

"எவ்வளவோ சொல்லியிருக்கா" என்றேன்.